புலமைப்பரிசிலுக்காக மகளை யாழ்ப்பாணம் அனுப்பலாமா?

அண்ணா, வணக்கம்.

நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒட்டுசுட்டானில் இருக்கிறேன். கமம்தான் சீவியம். மூத்த மகள் தரம் நான்கு, கெட்டிக்காரி. மொடல் பேப்பர்களில் 130, 135 எடுக்கிறாள். அடுத்த வருசம் தரம் ஐந்து புலமைப்பரிசில் சோதனை. இங்கே ரியூசன் காணாது, இப்போதே யாழ்ப்பாணத்தில் பெரியம்மா வீட்டில் விட்டுப் படிப்பித்தால் பெரிய பள்ளிக்கூடம் கிடைக்கும் என்கிறார்கள் சொந்தக்காரர். மனைவிக்கு விருப்பமில்லை. வெட்டுப்புள்ளியைத் தாண்டினால் இடம் கிடைத்துவிடும்தானே? என்ன செய்யலாம்?

ஒரு வாசகர்

தம்பிக்கு,

வெட்டுப்புள்ளியைத் தாண்டினால் இடம் நிச்சயம் என்று யாரோ உங்களுக்குப் பிழையாகச் சொல்லியிருக்கிறார்கள். மாவட்டத்துக்கு மாவட்டம் வெளியிடும் வெட்டுப்புள்ளி உதவிப்பணத்துக்கானது. அதுவும் குடும்ப வருமானம் குறைந்த பிள்ளைகளுக்குத்தான் கிடைக்கும். பெரிய பள்ளிக்கூடங்களில் தரம் ஆறுக்கு எடுக்கும் புள்ளி வேறு. அது பள்ளிக்கூடத்துக்குப் பள்ளிக்கூடம் மாறும், பேர் எடுத்த இடங்களில் மாவட்டப் புள்ளியை விட நன்றாக மேலே நிற்கும். முல்லைத்தீவின் வெட்டுப்புள்ளியைத் தாண்டி வெடி கொளுத்திவிட்டு, பிறகு இடம் இல்லை என்று கடிதம் வந்ததும் முகம் செத்துப்போன பெற்றோரை நான் கண்டிருக்கிறேன்.

அதனால் ‘பாஸ்’ என்ற பேச்சை வீட்டில் எடுக்காதீர்கள். மொடல் பேப்பர் புள்ளியையும் பெரிதாக நம்ப வேண்டாம். பேப்பர் அடித்து விற்பவர் சில வேளை பிள்ளையை மடக்குவதற்கென்றே கேள்வி போடுவார். கையில் இருக்க வேண்டியது பழைய வருசங்களின் உண்மையான வினாத்தாள்கள். முதல் பத்திரம் 40 கேள்வி, நுண்ணறிவு. அது நேரம் பார்த்துச் செய்து பழகினால் வரும், வீட்டு விறாந்தையிலும் பழகலாம். இரண்டாம் பத்திரத்தின் 60 கேள்விக்குள் தமிழ், கணிதம், சுற்றாடலோடு ஆங்கிலமும் சிங்களமும் இருக்கும். நான் பார்த்த வன்னிப் பிள்ளைகள் புள்ளி விடுவது அந்தக் கடைசி இரண்டிலும்தான். காசு செலவழிக்கத்தான் வேண்டுமென்றால் கிட்டடியில் ஒரு சிங்கள ஆசிரியரைத் தேடிப் பிடியுங்கள்.

ஊர்ப்புறப் பிள்ளை கிட்டவே நல்ல பள்ளிக்கூடத்தில், விடுதியில் தங்கிப் படிக்கட்டும் என்றுதான் 1940களில் கல்வி அமைச்சராக இருந்த கன்னங்கரா மத்திய கல்லூரிகளை உண்டாக்கினார். புலமைப்பரிசிலும் அந்தப் பிள்ளைகளை நினைத்து வந்ததுதான். இன்று அதே சோதனை பிள்ளையை ஊரிலிருந்து பட்டினத்துக்கு இழுக்கும் இயந்திரமாகிவிட்டது. 2024இல் மூன்று கேள்வி முன்கூட்டியே வெளியே போன விசயம் உயர் நீதிமன்றம் வரை போய், அந்த மூன்றுக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் முழுப்புள்ளி கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. பத்து வயதுப் பிள்ளைகளின் சோதனைக்கு இவ்வளவும்!

எங்கள் ஆட்கள் இதில் வைத்திருக்கும் பிடிப்பும் எனக்கு விளங்காமல் இல்லை. 2009 ஓகஸ்டில், போர் முடிந்த கையோடு, இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த செட்டிகுளம் முகாம்களுக்குள் இருந்தபடியே பிள்ளைகள் இந்தச் சோதனையை எழுதினார்கள். எல்லாம் போன பிறகும் கையில் மிஞ்சியது படிப்பு ஒன்றுதான் என்று நினைத்த சனம் இது. ஆனால் அதற்காக ஒன்பது வயதுப் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து, விடிய ஒரு ரியூசன், பின்னேரம் ஒரு ரியூசன் என்று ஓட விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. உங்கள் மனைவி பக்கம்தான் நான்.

சோதனையை மகள் எழுதட்டும், உங்கள் வீட்டிலிருந்தே எழுதட்டும். உதவிப்பணம் கிடைத்தால் கமக்காரக் குடும்பத்துக்கு அது ஒரு கை. தரம் ஆறுக்கு முள்ளியவளை வித்தியானந்தாவை யோசியுங்கள், கிளிநொச்சியில் மத்திய கல்லூரி இருக்கிறது. யாழ்ப்பாணம்தான் வேண்டுமென்றால் உயர்தரத்துக்கு அனுப்பலாம். அப்போது தனக்கு எந்தத் துறை என்று அவளே சொல்லுவாள்.

இன்னொன்று. சொந்தக்காரர் சொன்னதும் மனைவி சொன்னதும் கடிதத்தில் இருக்கிறது. மகள் என்ன சொல்கிறாள் என்று எழுதவில்லையே? கேட்டுவிட்டு எழுதுங்கள்.