எந்தப் பாவம், பெயர் சொல்லுங்கள்

கேள்வி: தினமும் வேதம் வாசிக்கிறேன். அதை வைத்து என்னை நானே நேர்மையாக ஆராய்ந்து பார்க்க ஆசை. ஆனால் ஒவ்வொரு நாளும் 'நான் மோசமானவள்' என்ற குற்ற உணர்வில்தான் போய் முடிகிறது. என்ன செய்வது?

உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதியைப் படித்ததும், யாரோ உங்கள் வீட்டுக்கு வந்து ஏதோ சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றுதான் தோன்றியது. தப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வேதத்தை மட்டும் வாசித்து ஒருவருக்கு இப்படி மொட்டையான குற்ற உணர்வு வந்து நான் பார்த்ததில்லை. வேதம் குத்தினால் இடம் பார்த்துக் குத்தும். தீர்க்கதரிசி நாத்தான் தாவீது ராஜாவிடம் வந்து 'நீ கெட்டவன்' என்று பொதுவாகச் சொல்லவில்லை. தாவீது கொல்லவைத்த உரியாவின் பெயரைச் சொன்னார், அவன் மனைவியைச் சொன்னார், அம்மோனியரின் பட்டயத்தைக்கூடச் சொன்னார் (2 சாமுவேல் 12). 'உன்னிடம் என்னமோ இருக்கு' என்று மொத்தமாகத் தலையில் போடுவது மனிதர்கள் செய்கிற வேலை.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நாங்கள் தூத்துக்குடிப் பக்கம், சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை). என் பையன் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது அவனுக்கு வலிப்பு வந்தது. பாளையங்கோட்டையில் நரம்பியல் டாக்டரிடம் காட்டி, ஈஈஜி எடுத்து, மாத்திரை தொடங்கியாயிற்று. அதற்குள் தெருவெல்லாம் செய்தி பரவி, வெள்ளிக்கிழமை ஜெபக்குழு அக்காமார் வெளியூர் ஊழியக்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அவர் ஜெபம் பண்ணிவிட்டுக் கண்ணைத் திறந்து, "இந்த வீட்டில் ஆகானின் பொருள் இருக்கிறது" என்றார். யோசுவா 7இல் ஆகான் சாபத்தீடான பொருட்களைக் கூடாரத்துக்குள் புதைத்து வைத்ததால் இஸ்ரவேல் ஆயி பட்டணத்தாரிடம் தோற்றதே, அந்தக் கதை.

பீரோவைத் திறந்தார்கள். பட்டுச்சேலைகளுக்கு அடியில், என் அம்மா கல்யாணத்துக்குக் கொடுத்த குத்துவிளக்கு இருந்தது. உச்சியில் அன்னத்துக்குப் பதில் சிலுவை வைத்த விளக்கு, எத்தனையோ கிறிஸ்தவக் கோயில் பிரதிஷ்டையில் ஐயர்மாரே (எங்கள் சபைப் போதகர்கள்) ஏற்றுகிற அதே விளக்கு. அதைத் தூக்கிப் போடச் சொன்னார் ஊழியக்காரர். அதோடு விடவில்லை. விளக்கு வெறும் அடையாளந்தான், தாயின் மறைவான பாவந்தான் வேர் என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

நான் அழுதுகொண்டு நின்றேன். பேசியது என் மாமியார். "எந்தப் பாவம்னு பேரு சொல்லுங்க ஐயா, கேட்டுக்கிடுதோம்" என்றார். "கர்த்தரே வெளிப்படுத்துவார் அம்மா" என்றார் அவர். "அப்போ வெளிப்படுத்தும்போது பார்த்துக்கிடலாம். காப்பி ஆறுது, குடிங்க." அவ்வளவுதான். விளக்கைத் துடைத்துத் திரும்ப உள்ளே வைத்தவரும் மாமியார்தான். (மாமியார் என்றாலே வில்லி என்று எழுதுகிறவர்களுக்காக இதைச் சொல்லிவைக்கிறேன்.)

ஆனாலும் அந்த ஊழியக்காரரின் பேச்சு எனக்குள் இறங்கிவிட்டது. ஒரு நோட்டை எடுத்துச் சின்ன வயதிலிருந்து செய்த பாவங்களை எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத முடியவே இல்லை. சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர் துறவியாக இருந்த காலத்தில் மணிக்கணக்காகப் பாவ அறிக்கை செய்வாராம், அவருடைய குரு ஸ்டௌபிட்ஸுக்கே அலுத்துப்போகுமாம். அதைப் பிற்பாடு வாசித்தபோது எனக்கு அந்த நோட்டுதான் நினைவுக்கு வந்தது.

எங்கள் வீட்டில் வாசிப்பு மாமியார் முறைப்படிதான். வார நாட்களில் மூன்று அதிகாரம், ஞாயிற்றுக்கிழமை ஐந்து. மொத்தம் 1189 அதிகாரம், இந்தக் கணக்கில் வருஷத்துக்குள் முடிந்துவிடும். ஆதியாகமம் தொடங்கி வெளிப்படுத்தல் வரை வரிசையாக, எதையும் தாண்டக் கூடாது. அந்தச் சமயத்தில் வாசிப்பு, குற்றமில்லாமல் துன்பப்பட்ட யோபுவின் புத்தகத்தில் வந்து நின்றது. நானாகத் தேடி எடுக்கவில்லை. எடுத்திருந்தால் பாதுகாப்பைச் சொல்கிற 91ஆம் சங்கீதத்தைத்தான் எடுத்திருப்பேன்.

யோபுவை முழுதாக வாசித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? முதல் இரண்டு அதிகாரம், கடைசி அதிகாரம், நடுவில் 'என் மீட்பர் உயிரோடிருக்கிறார்', முடிந்தது. நடுவில்தான் யோபுவின் நண்பர்கள் எலிப்பாஸும் பில்தாதும் சோப்பாரும் உட்கார்ந்து என் வீட்டில் நடந்ததையே நடத்துகிறார்கள். 8ஆம் அதிகாரம் 4ஆம் வசனத்தில், பத்துப் பிள்ளைகளைப் பறிகொடுத்த யோபுவிடம் பில்தாத், உன் பிள்ளைகள் பாவம் செய்திருப்பார்கள், அதற்கான ஆக்கினையைத் தேவன் கொடுத்துவிட்டார் என்கிற பாணியில் பேசுகிறான். நான் புத்தகத்தை மூடிவிட்டேன். திரும்பத் திறந்து மூன்று வசனம் தாண்டினால், 'உம்முடைய துவக்கம் அற்பமாயிருந்தாலும், உம்முடைய முடிவு சம்பூரணமாயிருக்கும்' என்று நிற்கிறது! எங்கள் ஹாலில் காலண்டரில் தொங்கிய வசனம். அதே வாய், அதே மூச்சு. 'நீர் ஒரு காரியத்தை நிருணயம்பண்ணினால், அது உமக்கு நிலைவரப்படும்' என்பதும் அப்படித்தான். எலிப்பாஸ் 22ஆம் அதிகாரத்தில் யோபுமேல் இல்லாத பழியெல்லாம் சுமத்திவிட்டு, கடைசியில் அதைச் சொல்கிறான். விதவைகளை வெறுங்கையாய் அனுப்பினாய், ஏழையின் துணியைப் பறித்தாய் என்று அடுக்கிய பிறகு! இந்த நண்பர்களிடம்தான் 42:7இல் ஆண்டவர், நீங்கள் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்று கோபப்படுகிறார்.

'வசனத்தைக் குறை சொல்கிறாயா' என்று வரிந்துகட்டிக்கொண்டு வருவார்கள், தெரியும். நான் இறையியல் படித்தவள் அல்ல. பொய்யர் வாயிலும் உண்மை வரலாம், ஆண்டவர் எந்த வசனத்தைக் கொண்டும் ஆறுதல் தரலாம். நான் சொல்வது இவ்வளவுதான்: யார், யாரிடம், எப்போது சொன்னார் என்று பார்க்காமல் வசனத்தைப் பிய்த்தெடுத்தால் அது தட்டிக்கொடுக்கவும் செய்யும், அடிக்கவும் செய்யும். இரண்டிலும் நம்மைப் பற்றிய உண்மை தெரியாது.

இந்த டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில், வருகிற வருஷத்துக்கான வசனம் என்று வாக்குத்தத்த அட்டை எடுக்கிற கூத்து இருக்கிறதே. நல்ல வசனம் வரவில்லையென்று இரண்டாவது அட்டை எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.      

நீங்கள் கேட்டது எப்படி ஆராய்வது என்று. யோபு 31ஐ எடுங்கள். நண்பர்கள் மொத்தமாகப் போட்ட பழிக்கு யோபு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிற அதிகாரம் அது. என் கண் போகக் கூடாத இடத்துக்குப் போனதா? வீட்டு வேலைக்காரி என்னோடு வழக்காடியபோது அவள் பக்கத்து நியாயத்தைக் கேட்டேனா? தாய்தகப்பன் இல்லாத பிள்ளை பசித்திருக்க நான் தனியாகச் சாப்பிட்டேனா? பொன்னை நம்பினேனா? பகைவனுக்கு ஆபத்து வந்தபோது சந்தோஷப்பட்டேனா? கூலி கொடுக்காமல் நிலத்தின் பலனைத் தின்றேனா? எல்லாமே ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லக்கூடியவை. தனக்கே தெரியாத மறைவான பாவம், முன்னோர் சாபம் என்று ஒன்றுகூட அதில் இல்லை.

பழைய நோட்டைக் கிழித்துப்போட்டு, இந்தக் கேள்விகளைப் புது நோட்டில் எழுதினேன். வேலைக்கு வரும் பெண்ணுக்குப் பொங்கலுக்குச் சேலை மட்டும் கொடுத்துச் சம்பளத்தை ஏற்றாமல் இருந்தது அப்போதுதான் கண்ணில் பட்டது. மறுமாதம் ஏற்றினோம், அவ்வளவுதான், அழுகை எல்லாம் இல்லை. என் பையனின் வலிப்புக்கு நான் காரணமா என்ற கேள்விக்கு நேரே 'இல்லை' என்று எழுதினேன். யோவான் 9இல் பிறவிக் குருடனைப் பற்றி இயேசு சொன்னதும் அதுதானே, இவனும் பாவம் செய்யவில்லை, இவனைப் பெற்றவர்களும் செய்யவில்லை என்று. நேர்மை என்றால் 'இல்லை' என்று வருகிற இடத்தில் 'இல்லை' என்று எழுதுவதும் சேர்த்துத்தான். பகைவனைப் பற்றிய 29ஆம் வசனத்துக்கு நேரே மட்டும், அந்த ஊழியக்காரரை நினைத்து, 'இல்லை' என்று எழுத முடியவில்லை. அதற்கு மேல் இங்கே சொல்லமாட்டேன்.

யோபுவே கடைசியில் தூளிலும் சாம்பலிலும் மனஸ்தாபப்பட்டாரே என்று யாராவது கேட்பீர்கள். அறியாததைப் பேசிவிட்டேன் என்றுதான் அவர் வருந்துகிறார், 42:3ஐப் பாருங்கள். எலிப்பாஸின் பட்டியலை ஒப்புக்கொள்ளவில்லை.

இன்னொன்று, எடுத்ததும் குற்றத்தில் தொடங்காதீர்கள். என் கத்தோலிக்கத் தோழி ஒருத்தி இயேசு சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியார் வகுத்த ஆத்தும சோதனையைத் தினமும் ராத்திரி செய்வாள். அது நன்றி சொல்வதில்தான் தொடங்கும், குறையைப் பார்ப்பது பிறகு. நமக்கு வேறு சபை என்று ஒதுக்க வேண்டியதில்லை. நான் 139ஆம் சங்கீதத்தின் 'தேவனே, என்னை ஆராய்ந்து' என்ற வசனத்துக்கு முன்னால், அதே சங்கீதத்தின் 13, 14ஆம் வசனங்களை (தாயின் கருவில் என்னைக் காத்தீர், அதிசயமாய் உண்டாக்கினீர், உம்மைத் துதிப்பேன் என்பவை) சொல்லிவிட்டுத்தான் நோட்டைத் திறப்பேன். பையன் இப்போது பாலிடெக்னிக் படிக்கிறான், டாக்டர் சொல்லி மாத்திரையையும் நிறுத்தியாயிற்று. சிலருக்கு நிறுத்த முடியாது, அதுவும் யாருடைய பாவமும் இல்லை.

யோபுவின் பழைய மொழிபெயர்ப்பு கொஞ்சம் கடினம். புரியாத இடத்தில் 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், 31ஆம் அதிகாரம் அதில் சுலபமாகப் போகும். கோயிலுக்கு எடுத்துப்போனால் பழைய மொழிபெயர்ப்பே பழகிய சிலர் முறைப்பார்கள், அதனால் வீட்டிலேயே வைத்து வாசியுங்கள்.