வி-டெக் வேலை செய்யவில்லை: விற்றவர் மீது வழக்குப் போடலாமா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் வசிக்கிறேன். துறைமுகத்தில் ஒப்பந்த வேலை. பள்ளி நாட்களில் இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கில் ஹோண்டா சிட்டி வி-டெக் ஓடுவதைப் பார்த்ததிலிருந்து அந்த வண்டி மேல் ஆசை. அப்பாவின் சீட்டுப் பணத்தில், மாதவரத்தில் பழைய கார் விற்கும் ஒருவரிடம் 2002 மாடல் 1.5 வி-டெக் ஒன்றை 2,35,000 ரூபாய்க்கு வாங்கினேன். 1,45,000 ரொக்கம், 90,000 ஜிபே. ஆன்லைன் விளம்பரத்தில் 'ஒரிஜினல் வி-டெக், பக்கா கண்டிஷன்' என்று போட்டிருந்தார். 'அஞ்சாயிரத்தைத் தாண்டினா சும்மா இழுக்கும் தம்பி' என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவும் அனுப்பினார். எங்கள் மெக்கானிக்கை அழைத்துப் போய், ஓட்டிப் பார்த்துத்தான் வாங்கினோம். வாங்கியதும் ஆயிலை மாற்றி, நல்ல கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றினேன். ஆறு வாரம், 1,800 கி.மீ. கழித்து எண்ணூர் விரைவுச் சாலையில் மிதித்தபோது செக் என்ஜின் விளக்கு எரிந்தது. வண்டி அதற்கு மேல் சுற்று ஏற மறுத்தது. மெக்கானிக் வி-டெக் சொலினாய்டைக் கழற்றி, கசடாக இருந்ததைப் படம் எடுத்து எனக்கு அனுப்பிவிட்டு, பெட்ரோலில் கழுவித் திரும்பப் போட்டார். பயனில்லை. என்ஜின் ஹெட்டைத் திறந்தால் 70,000 ஆகும், இல்லையென்றால் பழைய உதிரிபாகம் விற்கும் புதுப்பேட்டையில் வேறு என்ஜின் எடுத்துப் போட்டுவிடலாம் என்கிறார். விற்றவரிடம் போனால், அம்மா எதிரிலேயே 'இருபது வருஷ வண்டிக்கு வாரன்டியா?' என்று சிரித்தார். அப்புறம் 30,000 தருகிறேன் என்றார். காவல் நிலையத்தில் சிவில் விவகாரம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடை முன் நின்று வீடியோ எடுத்து முகநூலில் போட்டிருக்கிறேன். முழுப் பணமும், மன உளைச்சலுக்கு 5 லட்சமும் வேண்டும். அவரை உள்ளே தள்ள முடியுமா?

— வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: முடியாது. பாரதிய நியாய சன்ஹிதா 318-வது பிரிவில் மோசடி என்று சொல்ல, விற்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும். அதற்கான சான்று எதுவும் உங்கள் கடிதத்தில் இல்லை. காவல் நிலையத்தில் சொன்னது சரிதான். அவர் சிரித்ததும், அது அம்மா எதிரில் நடந்ததும், அப்பாவின் சீட்டுப் பணமும் உங்களுக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று தெரிகிறது. ஆனால் நுகர்வோர் ஆணையத்தில் இவற்றை யாரும் கேட்கப் போவதில்லை. உங்கள் வழக்கில் கேள்வி ஒன்றே ஒன்று: வண்டி கை மாறிய அன்றே அந்தப் பழுது உள்ளே இருந்ததா? அதை உங்களால் காட்ட முடியுமா?

சரக்கு விற்பனைச் சட்டம், 1930, வாங்குபவரே பார்த்து வாங்க வேண்டும் என்ற நிலையிலிருந்துதான் தொடங்குகிறது. அந்தப் பொருளையே வியாபாரமாக விற்பவரிடம் வாங்கினால், பொருள் விற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை 16-வது பிரிவில் தானாகவே வந்துவிடும். மாதவரத்துக்காரர் கார் வியாபாரி என்பதால் அது உங்களுக்குச் சாதகம். ஆனால் அதே பிரிவில் ஒரு விலக்கும் இருக்கிறது. வாங்குபவர் பொருளைப் பரிசோதித்திருந்தால், அந்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு விற்றவர் பொறுப்பில்லை. மெக்கானிக்கை அழைத்துப் போனதை உங்கள் பலமாக எழுதியிருக்கிறீர்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் எடுக்கப்போவது அந்த வரியைத்தான்.

இதற்குப் பதில் அந்த என்ஜினிலேயே இருக்கிறது. வி-டெக் என்பது என்ஜின் வேகமாகச் சுற்றும்போது வால்வுகளைக் கூடுதலாகத் திறந்து இழுவையைக் கூட்டும் அமைப்பு, அது ஆயில் அழுத்தத்தை நம்பி ஓடுகிறது. மின்சாரத்தால் இயங்கும் சொலினாய்டு திறந்தால்தான் ஆயில் போய், வால்வை அழுத்தும் ராக்கர் ஆர்முக்குள் இருக்கும் பின்னைத் தள்ளும். அப்போதுதான் பெரிய கேம் வேலைக்கு வரும். இந்த வகை என்ஜினில் அது பெரும்பாலும் 4,500, 5,000 ஆர்.பி.எம். தாண்டிய பிறகே நடக்கும். அதற்குக் கீழே, வி-டெக் செத்துக் கிடந்தாலும் வண்டி ஒழுங்காகத்தான் ஓடும். மாதவரம் ஜி.என்.டி. சாலை லாரி நெரிசலில் டெஸ்ட் டிரைவ் போய் யாரும் 5,000 வரை மிதிக்க முடியாது. ஆகவே, அந்தப் பரிசோதனையில் இந்தக் குறை தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்று வாதிடலாம். நல்ல வாதம், எடுபடும்.

எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் அடுத்த கேள்விதான் கஷ்டம். "வாங்கியதும் என்ன ஆயில் ஊற்றினீர்கள்?" வி-டெக் மக்கர் செய்வதற்கு முதலில் சந்தேகப்பட வேண்டியவை ஆயில் குறைவு, அழுக்கு ஆயில், பொருந்தாத தடிமன், சொலினாய்டு சல்லடை அடைப்பு. சுவிட்ச், வயரிங் கோளாறாகவும் இருக்கலாம். அப்படியென்றால் சில ஆயிரத்தில் முடிந்துவிடும். ஆயில் பம்ப், பேரிங், கேம் தேய்மானம் என்றால்தான் பெரிய செலவு. கம்பெனி சொன்ன தடிமனை விட்டுவிட்டு நீங்கள் 20டபிள்யூ-50 ஊற்றி, 1,800 கி.மீ. ஓட்டியிருக்கிறீர்கள். "என்னிடமிருந்து போகும்போது நன்றாகத்தான் இருந்தது, இவர் ஆயிலால் கெட்டது" என்று விற்றவர் சொன்னால், மறுக்க உங்களிடம் என்ன இருக்கிறது?

இருந்தது. அந்தக் கசடு இருந்தது. சல்லடையில் தார் மாதிரி இறுகிப் படிந்த கறுப்புக் கசடு புது ஆயிலில் ஆறே வாரத்தில் உருவாகாது. அது பல ஆண்டுகள் ஆயில் மாற்றாமல் ஓட்டியதன் அடையாளம். விற்ற அன்றே பழுது இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. அதைத்தான் உங்கள் மெக்கானிக் பெட்ரோலில் கழுவிவிட்டார். அவர் மீது குற்றமில்லை, வண்டியைச் சரிசெய்யப் பார்த்தார். ஆனால் இப்போது மிஞ்சியிருப்பது அவர் எடுத்த படம் ஒன்றுதான்.

பழைய வண்டி வழக்குகளில் கட்சிக்காரர்கள் விழும் பள்ளம் இதுதான், திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். கோபத்தோடு வருகிறார்கள், பில் இருக்கிறது, விளம்பரம் இருக்கிறது, ஆனால் என்ஜின் ஏற்கெனவே கழற்றிப் பூட்டப்பட்டிருக்கும், பழைய பாகம் காயலான் கடைக்குப் போயிருக்கும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, 38-வது பிரிவின்படி குறையைப் பரிசோதனைக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. கழற்றிக் கழுவிய என்ஜினை அனுப்பினால், "மூலக் காரணம் சொல்ல இயலவில்லை" என்று ஒரு வரியில் அறிக்கை வரும். வழக்கு அங்கேயே படுத்துவிடும். என்னிடம் வந்த ஒருவர் பழைய பாகங்களைப் பத்திரமாக வைத்திருந்தார், ஆனால் எந்த வண்டியில், எந்தத் தேதியில், யார் கழற்றியது என்று ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. அந்தப் பாகங்களால் அவருக்கு ஒரு பயனும் கிடைக்கவில்லை.

அதனால் இனி ஹெட்டைத் தொட விடாதீர்கள். வால்வு கவருக்குள் இன்னும் அதே கசடு படிந்திருக்கும், அதையாவது காப்பாற்றுங்கள். அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில் வண்டியை விட்டு, ஸ்கேன் அறிக்கை, ஆயில் அழுத்த அளவு, வால்வு கவரைத் திறந்ததும் எடுத்த படங்கள், இவை எல்லாவற்றையும் ஜாப் கார்டில் எழுதி வாங்குங்கள். திறப்பதற்கு முன்பே விற்றவருக்குத் தேதி குறிப்பிட்டுப் பதிவுத் தபாலிலும் வாட்ஸ்அப்பிலும் தெரிவியுங்கள். வந்தால் பார்க்கட்டும். வராவிட்டால், என் முதுகுக்குப் பின்னால் திறந்தார்கள் என்று அவர் பின்னால் சொல்ல முடியாது. அப்படியே ஆர்.சி.யில் உள்ள என்ஜின் எண்ணையும் என்ஜினில் பொறித்திருப்பதையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த மாடலில் என்ஜின் மாற்றிய வண்டிகள் உண்டு. எண் பொருந்தாவிட்டால் கதையே வேறு. அப்போது 30,000, 40,000 பேச்சுக்கே இடமில்லை, முழுப் பணத்தையும் கேளுங்கள்.

புதுப்பேட்டை என்ஜின் யோசனையை இன்றோடு மறந்துவிடுங்கள். சாட்சியத்தை நீங்களே அழித்ததாகிவிடும். அதோடு, ஆர்.டி.ஓ. அனுமதியில்லாமல் என்ஜினை மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவில் சிக்கல் உங்களுக்குத்தான். 15 ஆண்டைத் தாண்டிய உங்கள் வண்டியின் பதிவை 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். எண் மாறிய என்ஜினோடு ஆய்வுக்குப் போனால் புதுப்பிப்பு அங்கேயே நின்றுவிடும். அந்த என்ஜின் எந்தத் திருட்டு வண்டியிலிருந்து வந்தது என்ற கேள்வி எழுந்தால், இந்த வழக்கெல்லாம் உங்களுக்குச் சின்னதாகத் தெரியும்.

நீங்கள் இணைத்திருந்த டெலிவரி நோட்டையும் பார்த்தேன். "நிறை குறைகளைப் பார்த்துத் திருப்தியடைந்து, உள்ளது உள்ளபடி பெற்றுக்கொண்டேன்" என்ற அச்சு வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். தானாக வரும் நிபந்தனைகளை இரு தரப்பும் ஒப்பந்தத்தால் விலக்கிக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. அந்த வரியை அவர் நிச்சயம் தூக்கிக் காட்டுவார். அதற்கு எதிராக உங்களிடம் இருப்பது அந்த விளம்பரமும் குரல் பதிவும்தான். "அஞ்சாயிரத்தைத் தாண்டினா இழுக்கும்" என்று அவரே வாயால் சொன்ன உறுதியை ஓர் அச்சு வரியால் எளிதில் துடைக்க முடியாது. ஆகவே அந்தப் போனை மாற்றாதீர்கள், விற்காதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 63-வது பிரிவின்படி அந்தக் குரல் பதிவைச் சான்றிதழோடு தாக்கல் செய்ய வேண்டியிருக்கும். விளம்பரத்தைத் தேதியோடு இன்றே ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிடுங்கள், எப்போது வேண்டுமானாலும் மறைந்துவிடும்.

டெலிவரி நோட்டில் இன்னொன்றையும் கவனித்தேன். விற்றவர் என்ற இடத்தில் மாதவரத்துக்காரர் பெயர் இல்லை, முன்னாள் உரிமையாளர் பெயர் இருக்கிறது. "நான் வெறும் புரோக்கர்" என்று கழன்றுகொள்ள அது போதும். தனி ஆள் விற்றதாக ஆகிவிட்டால் நுகர்வோர் ஆணையமே கிடையாது, சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். நல்ல வேளையாக 90,000 அவருடைய கணக்குக்கே போயிருக்கிறது. ரொக்கமாகக் கொடுத்த 1,45,000-க்கு ரசீது இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால், கையில் உள்ள ஆதாரம் 90,000-க்கு மட்டும்தான் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். பழைய வண்டி வியாபாரிகள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரம் பெற வேண்டும் என்ற விதிகள் 2023 ஏப்ரல் முதல் இருக்கின்றன. அவரிடம் அது இருக்கிறதா என்று உங்கள் கடிதத்திலேயே கேளுங்கள். அங்கீகாரம் இல்லாதவருக்கு அந்தக் கேள்வியே அழுத்தம் கொடுக்கும்.

ஆர்.சி. இன்னும் உங்கள் பெயருக்கு மாறவில்லை என்பதைக் கேள்வியில் நீங்கள் சொல்லவே இல்லை, தாள்களைப் பார்த்துத்தான் தெரிந்தது. வாங்கியவர் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்திருக்க வேண்டும். ஆறு வாரமாக அந்த வண்டியை எண்ணூர் பக்கம் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறீர்கள். விபத்து நடந்திருந்தால், பதிவில் உள்ளவரே உரிமையாளர் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி இழப்பீட்டுப் பொறுப்பு அந்த முன்னாள் உரிமையாளர் தலையில் விழுந்திருக்கும், அவர் உங்கள் மீது பாய்ந்திருப்பார். பதிவைப் புதுப்பிக்க விண்ணப்பம் போடவும் அவர் கையெழுத்துதான் வேண்டும். அவர் ஊரை விட்டுப் போனாலோ இறந்துவிட்டாலோ உங்களிடம் இருப்பது பெயர் மாறாத பழைய இரும்புதான். என் பார்வையில் உங்களுக்கு வி-டெக்கைவிட இது அவசரம்.

முகநூல் வீடியோவை இன்றே எடுத்துவிடுங்கள். அவதூறு என்று அவர் புகார் கொடுத்தால், பணம் கேட்டுப் போன நீங்கள் மன்னிப்புக் கடிதம் எழுதிக்கொடுத்துவிட்டு வர வேண்டியிருக்கும்.

இத்தனையையும் வைத்து வெளிப்படையாகச் சொல்கிறேன்: சமாதானமாகப் போங்கள். வழக்குப் போட முடியாது என்று சொல்லவில்லை. சென்னை வடக்கு ஆணையத்தில், நீங்கள் குடியிருக்கும் இடத்தை வைத்தே மனுப் போடலாம், இந்தத் தொகைக்குக் கட்டணமும் இல்லை. ஆனால் வழக்கு முடியும்வரை வண்டியைச் சரிசெய்யாமல் வைத்திருக்க வேண்டும். கடல் காற்றில் தெருவோரம் நிற்கும் இருபது வருட வண்டி வழக்கு முடியும்போது எந்த நிலையில் இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஜெயித்தாலும் ஆயில், கி.மீ., வண்டியின் வயது என்று கழித்துக்கொண்டு, ரிப்பேர் செலவில் ஒரு பகுதியைத்தான் தருவார்கள் என்பது என் கணிப்பு. 5 லட்சம் மன உளைச்சலுக்கு வராது.

என்ஜின் எண் பொருந்தியிருந்தால், சர்வீஸ் சென்டர் அறிக்கை கைக்கு வந்ததும் 50,000 கேளுங்கள், 40,000-க்கு இறங்கி வாருங்கள். அதோடு முன்னாள் உரிமையாளரின் கையெழுத்தோடு பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30, அவருடைய அடையாளச் சான்று நகல், பெயர் மாற்றத்துக்கு நேரில் வர வேண்டியிருந்தால் அவரை அழைத்து வரும் பொறுப்பு, எல்லாவற்றையும் அந்த உடன்படிக்கையிலேயே எழுதச் சொல்லுங்கள். பணத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாலும் இந்தத் தாள்களை விட்டுக்கொடுக்காதீர்கள். ரொக்கம் வேண்டாம், வங்கி வழியாக வரட்டும். ஒரு மாதத்துக்குள் அவர் வழிக்கு வராவிட்டால் வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். மனுப் போட உங்களுக்கு இருப்பது 2 ஆண்டுதான், அது வண்டி வாங்கிய தேதியிலிருந்தே ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.