வீட்டில் ஒருவரைக் கவனித்துக்கொள்பவர்களின் கவலைகள்: கேள்வி பதில்

அரசு மருத்துவமனையிலும், பிறகு படுக்கையில் இருப்பவர்களை வீடு தேடிச் சென்று பார்க்கும் வலிதணிப்புப் பணியிலுமாக 29 ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். முதியவர்களையும் நோயாளிகளையும் வீட்டில் பராமரிப்பவர்கள் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். மருந்தின் அளவைப் பற்றிய கேள்விகளை விட்டுவிட்டேன். அவற்றுக்கு உங்கள் மருத்துவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

கேள்வி (விருதுநகர்): வணக்கம் சிஸ்டர். பக்கவாதம் வந்து எட்டு மாதமாக என் மாமியார் படுக்கையில் இருக்கிறார். இரண்டு நாளாக இடுப்புக்குக் கீழே சிவந்திருக்கிறது. புண்ணாகிவிடுமோ என்று இரவெல்லாம் எனக்கு உறக்கமில்லை. அதே சமயம் அவர் கூப்பிடும்போது எரிச்சலும் வருகிறது. என்னிடம் மனிதத்தன்மையே போய்விட்டதா?

பதில்: முதலில் சிவப்பைப் பார்ப்போம். அந்த இடத்தை விரலால் மெல்ல அழுத்தி எடுங்கள். விரலை எடுத்ததும் தோல் வெளிறி, பிறகு சிவந்தால் இரத்த ஓட்டம் சீராக இருக்கிறது என்று பொருள். அழுத்தியும் நிறம் மாறவில்லை என்றால் அது படுக்கைப் புண்ணின் முதல் நிலை. கறுத்த மேனியில் சிவப்பு எளிதில் தெரியாது என்பதால், சுற்றியுள்ள தோலைவிட அந்த இடம் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று புறங்கையால் தொட்டும் பார்க்க வேண்டும்.

நம் வீடுகளில் உடனே தேங்காய் எண்ணெயை ஊற்றித் தேய்ப்பார்கள். தேய்க்கக் கூடாது, உள்ளே ஏற்கெனவே நலிந்திருக்கும் தசை அதனால் மேலும் கெடும். இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைத்து, முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையை அண்டக்கொடுங்கள். கெண்டைக்காலுக்கு அடியில் இன்னொன்றை வைத்தால் குதிகால் மெத்தையில் படாமல் நிற்கும். மேலே நகர்த்தும்போது தோளைப் பிடித்து இழுக்காமல், அடியில் விரித்த துணியை இருவர் இரு பக்கமும் பிடித்துத் தூக்குங்கள். வாட்டர் பெட் வாங்கிவிட்டால் திருப்ப வேண்டியதில்லை என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். காற்றடைத்த வளையத்தில் உட்காரவைப்பதும் நல்லதன்று. வளையத்தின் விளிம்பு சுற்றிலும் இரத்த ஓட்டத்தைத் தடுத்துவிடும். தோல் உரிந்தாலோ, நாற்றம் வந்தாலோ, காய்ச்சல் கண்டாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

இனி எரிச்சல். புண் வந்துவிடுமோ என்று இரவு முழுவதும் விழித்துக் கிடப்பது கவலை. இரண்டு மணிக்கு எழுந்து ஒருமுறை திருப்பிப் படுக்கவைத்துவிட்டு மறுபடி உறங்கப் போவது கவனிப்பு. முன்னது உங்கள் உறக்கத்தைத் தின்றதே தவிர, அவர் முதுகுக்கு ஒரு நன்மையும் செய்யவில்லை. எரிச்சல் வருவதற்கு அன்பு குறைந்துவிட்டது என்று பொருளில்லை. எட்டு மாதம் ஒரே ஆள் இரவுப் பணி பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். மருத்துவமனையில்கூட எங்களுக்கு எட்டு மாதம் தொடர்ந்து இரவுப் பணி போட்டதில்லை. வாரத்தில் மூன்று இரவு உங்கள் கணவர் அலாரம் வைத்து எழட்டும். படுத்திருப்பவர் அவருடைய தாயார்தானே.

கேள்வி (துபாய்): அம்மா ஊரில் தனியாக இருக்கிறார். நான் ஒரு நாளைக்கு நான்கு முறை கூப்பிட்டு, சாப்பிட்டாரா, மாத்திரை போட்டாரா என்று கேட்கிறேன். அவர் எரிந்து விழுகிறார். அக்கறை காட்டுவது தவறா?

பதில்: தவறில்லை தம்பி. ஆனால் அந்த நான்கு அழைப்புகளும் யாருக்காக என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். 'போட்டாச்சு' என்ற சொல்லைக் கேட்டதும் உங்கள் மனம் அமைதியாகிறது. அவருக்கோ யாரோ வருகைப்பதிவு எடுப்பதுபோல் இருக்கிறது. ஒரே ஒரு முறை, அவருக்கு ஓய்வான நேரத்தில் கூப்பிட்டு, அவர் சொல்வதைக் கேளுங்கள். தெருவில் யாருக்குக் கல்யாணம், மாடியில் எத்தனை வடகம் காய்கிறது என்பவற்றைக் கேட்டுக்கொண்டிருந்தாலே அவர் குரல் தளர்ந்திருக்கிறதா, மூச்சு வாங்குகிறதா என்பது தெரிந்துவிடும்.

அடுத்த விடுமுறையில் வரும்போது செய்ய வேண்டியது ஒன்று உண்டு. இரவில் விளக்குப் போடாமல், அவர் கட்டிலிலிருந்து கழிவறை வரை ஒருமுறை நீங்களே நடந்து பாருங்கள். கால் இடறும் மிதியடி, நிலைப்படி, எட்டாத ஸ்விட்ச், வழுக்கும் டைல்ஸ் எல்லாம் அப்போது தெரியும். முதியவர்களின் இடுப்பெலும்பு முறிவுகளில் பெரும்பாலானவை விழுவதால் வருபவை. சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும், இரவு விளக்கு ஒன்றும் உங்கள் நான்கு அழைப்புகளைவிட அதிகமாக அவரைக் காக்கும். அவருக்கு இரத்த அழுத்தமோ சர்க்கரையோ இருந்தால், 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரைகளை வீட்டிற்கே கொண்டுவந்து தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவிட்டுப் போங்கள்.

கேள்வி (கும்பகோணம்): எனக்கு வயது 74. என் மனைவிக்கு மறதி நோய். 'அப்பா எங்கே, இன்னும் வரவில்லையே' என்று நாள் முழுதும் கேட்கிறாள். என் மாமனார் இறந்து முப்பது ஆண்டுகள் ஆகின்றன. உண்மையைச் சொன்னால் அப்போதுதான் கேள்விப்பட்டதுபோல் அழுகிறாள். 'வருவார்' என்று பொய் சொன்னால் என் மனம் உறுத்துகிறது. ஐம்பது ஆண்டுகளாக நான் அவளிடம் பொய் சொன்னதில்லை.

பதில்: ஐயா, வந்த கேள்விகளில் என்னை அதிக நேரம் யோசிக்கவைத்தது உங்களுடையதுதான்.

இந்த நோயில் முதலில் பழுதாவது புதிய செய்தியைப் பதிந்துவைக்கும் திறன். பழைய நினைவுகள் வெகுகாலம் நிலைத்திருக்கும். ஆகவே உங்கள் மனைவியிடம் தந்தையின் இறப்பை எத்தனை முறை சொன்னாலும் அது தங்காது. ஒவ்வொரு முறையும் அது முதல் இழவாகவே அவருக்கு வந்து சேரும். ஒருவரை ஒரே நாளில் பத்து முறை தந்தையை இழக்கவைப்பது உண்மைக்குச் செய்யும் மரியாதை ஆகுமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு.

ஆனால் பொய்யும் தேவையில்லை. மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. 'அப்பா நினைவு வந்துவிட்டதா? அவர் கடைத்தெருவிலிருந்து வந்தால் உனக்கு என்ன வாங்கி வருவார்?' என்று கேட்டுப் பாருங்கள். அவர் கேட்பது பெரும்பாலும் ஒரு மனிதரின் இருப்பிடத்தை அன்று. தன்னைப் பாதுகாப்பாக உணரவைத்த ஒருவரைத் தேடுகிறார். அந்தத் தேடலுக்குப் பதில் சொன்னால் போதும். கேள்வி மாலையில் அதிகமாகிறதா என்று கவனியுங்கள். பொழுது சாயும்போது குழப்பம் கூடுவது இந்நோயில் வழக்கம். அந்தியிலேயே விளக்கை ஏற்றிவிட்டு, கீரை ஆய்வதுபோலக் கைக்கு ஒரு வேலை கொடுத்தால் பலருக்குச் சற்றே தணியும். சென்னையில் மருத்துவர் சாரதா மேனன் 1984-இல் நிறுவிய ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பு, மறதி நோயாளிகளின் குடும்பங்களுக்கும் வழிகாட்டுகிறது.

கேள்வி (திருப்பூர்): அப்பாவுக்கு 80 வயது. நேற்று வரை நன்றாக இருந்தவர் இன்று காலையிலிருந்து உளறுகிறார், என்னையே அடையாளம் தெரியவில்லை. வயதாகிவிட்டதால்தானே?

பதில்: இல்லை. மறதி நோய் மாதக்கணக்கில் மெல்ல வரும். ஒரே நாளில் வரும் குழப்பம் வேறு. சிறுநீர்த்தொற்று, உடலில் உப்பு குறைதல், சர்க்கரை இறங்குதல், நீர் வற்றுதல், தலையில் அடி, பக்கவாதம் என்று அதற்குப் பல காரணங்கள் உண்டு. பலவற்றைச் சரிசெய்துவிட முடியும். இதைப் படித்தவுடன் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். வண்டி இல்லையென்றால் 108-ஐ அழையுங்கள்.

கேள்வி (கோவை): விடுதியில் என்னுடன் தங்கியிருக்கும் தோழி, 'நான் இல்லாவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி' என்று இரண்டு முறை சொன்னாள். யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். நேரடியாகக் கேட்டால் அந்த எண்ணத்தை நானே விதைத்ததாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: விதைத்ததாக ஆகாது. நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை என்பது இத்துறையில் நன்கு அறியப்பட்ட செய்தி. மாறாக, வெளியில் சொல்ல ஓர் இடம் கிடைத்துவிட்டது என்று பலருக்கு ஆறுதலே உண்டாகும். தனியாக இருக்கும்போது, 'உயிரை விட்டுவிடலாம் என்று நினைக்கிறாயா?' என்றே கேளுங்கள். 'அப்படியெல்லாம் பேசாதே, உனக்கு என்ன குறை' என்று வாயை அடைத்துவிடாதீர்கள். ஆம் என்றால் அவளைத் தனியே விடாமல், விடுதிக் காப்பாளரிடமோ அவள் நம்பும் பெரியவர் ஒருவரிடமோ இன்றே சொல்லுங்கள். அந்தச் சத்தியத்தை மீறலாம் அம்மா. அவள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. மனநல உதவிக்கு 14416 என்ற அரசு எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். தமிழகத்தில் 104-உம் உண்டு. நீங்கள் ஒருவரே அவளைத் தாங்க வேண்டும் என்று நினைக்க வேண்டாம். அந்த எண்ணுக்கு உங்களுக்காகவும் பேசலாம்.

கேள்வி (திருச்சி): கணவர் காலமாகிவிட்டார். வீட்டைத் தன் பெயருக்கு எழுதிவைத்தால் கடைசிவரை பார்த்துக்கொள்வதாக மகன் சொல்கிறான். நல்ல பிள்ளைதான். எழுதலாமா?

பதில்: நான் வழக்கறிஞர் அல்லள், பல வீடுகளைப் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன். அவசரமில்லை என்றால் எழுத வேண்டாம். உயில் எழுதிவைத்தால் உங்களுக்குப் பிறகு அவருக்குத்தானே போகப்போகிறது. எழுதியே ஆக வேண்டும் என்றால், உங்களுக்கு உணவு, உறைவிடம், மருத்துவம் ஆகியவற்றை அவர் தர வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே தெளிவாக எழுதச் சொல்லுங்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007-இன் 23-ஆம் பிரிவின்படி, அந்த நிபந்தனை மீறப்பட்டால் தீர்ப்பாயம் பத்திரத்தைச் செல்லாததாக்கலாம். அது எழுதப்படாமல் போனதால் திண்டாடியவர்களை நான் பார்த்திருக்கிறேன். முதியோர் உதவி எண் 14567. நல்ல பிள்ளை என்றால் அந்த ஒரு வரியை எழுதுவதில் அவருக்கு வருத்தம் இருக்காது.

கேள்வி (நாகர்கோவில்): ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் ஆறு பேர் இருக்கிறோம். எங்கள் பகுதியில் படுக்கையில் கிடப்பவர்களுக்கு ஏதாவது செய்ய ஆசை. மருத்துவம் தெரியாது.

பதில்: மலையைத் தாண்டினால் உங்களுக்கு முன்மாதிரி இருக்கிறது. கோழிக்கோட்டில் 1993-இல் சில மருத்துவர்கள் தொடங்கிய வலிதணிப்புச் சங்கத்திலிருந்து வளர்ந்ததுதான் மலப்புறம் பகுதியின் அக்கம்பக்கத்தார் அமைப்பு. வலி மருந்தை மருத்துவரும் புண் கட்டுவதைச் செவிலியரும் பார்த்துக்கொள்ள, ஊர்க்காரர்கள் பயிற்சி பெற்று வாரம் ஓரிரு மணி நேரம் வீடுகளுக்குப் போனார்கள். அரிசி வாங்கித் தருவது, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு வழி பார்ப்பது, பராமரிப்பவர் இரண்டு மணி நேரம் வெளியே போய்வரும்படி உட்கார்ந்திருப்பது ஆகியவைதாம் அவர்கள் வேலை. 2008-இல் கேரள அரசு இதற்கென ஒரு கொள்கையையே வகுத்தது. நீங்கள் முதலில் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வீட்டுப் பணிக்குச் செல்லும் செவிலியரைச் சந்தித்து, எந்த வீட்டில் எது தேவை என்று கேளுங்கள். பதாகையும் தொடக்க விழாவும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி (செங்கல்பட்டு): பக்கத்து வீட்டு அக்காவுக்குப் புற்றுநோய் முற்றிவிட்டது. என்ன பேசுவது என்று தெரியாமல் இரண்டு மாதமாக எட்டிப் பார்க்கவில்லை. இனி எந்த முகத்தோடு போவது?

பதில்: இரண்டு மாதத்திற்குச் சமாதானம் தேட வேண்டாம். 'வர நினைத்தேன், என்ன பேசுவதென்று தெரியவில்லை' என்பதையே சொல்லுங்கள்; அவருக்கு அது புரியும். யாருக்கோ எந்தக் கசாயத்திலோ குணமான கதையைக் கொண்டுபோகாதீர்கள். அதைக் கேட்டுக் கேட்டு அவர் ஓய்ந்துபோயிருப்பார். 'ஏதாவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்' என்றும் சொல்லாதீர்கள், ஏனெனில் நம்மவர்கள் யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. 'நாளை மாவு அரைக்கிறேன், உங்களுக்கும் ஒரு தூக்கில் தருகிறேன்' என்று சொல்லிவிட்டு மறுநாள் கொடுத்துவிடுங்கள். பத்து நிமிடம் போதும். உள்ளே நுழையும்போதே எவ்வளவு நேரம் இருப்பீர்கள் என்று சொல்லிவிட்டால், காபி போட வேண்டுமே என்று அவர் வீட்டார் பதற மாட்டார்கள். அவர் பேசினால் கேளுங்கள். கண்ணை மூடிக்கொண்டால் எழுந்துவராமல் அந்தப் பத்து நிமிடம் முடியும்வரை அருகிலேயே உட்கார்ந்திருங்கள்.