சுண்டல் தட்டும் வாக்குச் சீட்டும்

வாசகர் கேள்வி – பதில்

புரட்டாசி பிறந்துவிட்டால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் கொலுவுக்கு எத்தனை படி, மகாளய அமாவாசைத் தர்ப்பணத்தை எந்த வேளையில் செய்வது என்பன போன்ற ஐயங்களே மிகுதியாக இருக்கும். இம்முறை வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் பண்டிகையோடு ஊராட்சித் தேர்தலும் சேர்ந்துகொண்டிருக்கிறது. அதிலும், யார் வெல்வார் என்ற கவலையைவிட, தேர்தல் வந்தால் பக்கத்து வீட்டாரோடு என்ன ஆகுமோ என்ற கவலையே கூடுதலாகத் தெரிகிறது.

கணியம்பாடி ஒன்றியத்திலிருந்து ஒரு வாசகி: எங்கள் தெருவில் ஏழு வீடுகளில் கொலு வைக்கிறோம். எதிர்வீட்டு அக்காவின் கணவர் இம்முறை ஊராட்சித் தலைவர் பதவிக்கு நிற்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். சென்ற ஆண்டு வரை வெற்றிலை பாக்கும் மஞ்சளும் மட்டும் கொடுத்த அந்த அக்கா, இந்த ஆண்டு வீட்டுக்கு ஓர் எவர்சில்வர் தூக்கும் ரவிக்கைத் துணியும் வாங்கி வைத்திருக்கிறார். வாங்கிக்கொண்டால் குற்றமா, மறுத்தால் பகையா?

தாம்பூலத்தை மறுத்தால் பகைதான். நவராத்திரியில் வெற்றிலை பாக்கை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்த பெண்ணை அந்தத் தெரு பத்து ஆண்டுகளுக்கு மறக்காது. ஆகவே தாம்பூலத்தையும் தூக்கையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

முதலில் சட்டம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 170ஆம் பிரிவு, ஒருவரை வாக்களிக்கத் தூண்டும் நோக்கத்தோடு பொருள் கொடுப்பதை மட்டுமன்றி, வாக்களிப்பதற்கான வெகுமதியாக அதைப் பெற்றுக்கொள்வதையும் தேர்தல் லஞ்சம் என்கிறது. இதற்கு 173ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். உணவாகவும் குடியாகவும் கேளிக்கையாகவும் கொடுப்பதை ‘உபசரிப்பு’ என்று தனியாகப் பிரித்து, அதற்கு அபராதத்தோடு நிறுத்திக்கொள்கிறது. இந்த விதிகள் சட்டமன்றத்துக்கு மட்டும் உரியவை என்று பலர் நினைக்கிறார்கள். ஊராட்சித் தேர்தலும் இவற்றுக்கு உட்பட்டதுதான். தேர்தல் அறிவிக்கப்பட்ட பிறகே தொடங்கும் நன்னடத்தை விதிகளைப் போல, இந்தப் பிரிவு அறிவிப்புக்காகக் காத்திருப்பதும் இல்லை.

ஆனால் சட்டம் கேட்பது நோக்கத்தை. நோக்கமோ தூக்கின் மீது எழுதப்பட்டிருக்காது. அதைக் கண்டுபிடிக்க என்னிடம் ஓர் எளிய வழி உண்டு. கொலு வைக்காத, அந்த அக்காவோடு பேச்சுவார்த்தையே இல்லாத, ஆனால் நான்கு வாக்குகள் உள்ள வீட்டுக்கும் அதே தூக்கு போகிறதா என்று பாருங்கள். போகிறதென்றால் அது அம்மனுக்காகக் கொடுத்ததன்று. தாம்பூலம் என்பது வீட்டுக்கு வீடு போய்த் திரும்பி வருவது. இன்று அவர் கொடுப்பதை நாளை உங்கள் கொலுவுக்கு வரும்போது நீங்கள் கொடுப்பீர்கள், கணக்கு நேராகிவிடும். ஏழு தூக்குகளுக்கு ஈடாக ஏழு வீட்டுக்காரர்களிடம் எதிர்பார்க்கப்படுவது சுண்டல் இல்லை என்பது கொடுப்பவருக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும்.

நம் வீடுகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. பக்கத்து வீட்டிலிருந்து வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக் கூடாது. அந்த வழக்கமே உங்களைக் காப்பாற்றும். தாம்பூலத்தை அங்கேயே பெற்றுக்கொள்ளுங்கள். தூக்கையும் துணியையும் அவர் உங்கள் கையில் திணித்தால் சண்டை போடாமல் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். மறுநாள் அதே தூக்கு நிறையக் கொண்டைக்கடலைச் சுண்டலைப் போட்டு, துணியை மேலே மடித்து வைத்து, “அக்கா, தூக்கைக் கொண்டுவந்தேன்” என்று கொடுத்துவிடுங்கள். அதற்கு மேல் ஒரு சொல்லும் தேவையில்லை. சுண்டலைச் சற்றுத் தாராளமாகவே போடுங்கள்.

காட்பாடி ஒன்றியத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்: சென்ற முறை மகாளய அமாவாசையன்று வாக்குப்பதிவை வைத்துவிட்டார்கள். தர்ப்பணத்தை முடித்துவிட்டு வரிசையில் நின்றேன். பண்டிகை நாள்களைத் தவிர்த்துத் தேர்தலை நடத்தவே முடியாதா?

உங்கள் நினைவு சரியானதே. 2021இல் நம் பகுதியில் ஊரக உள்ளாட்சித் தேர்தலின் முதல் கட்டம் அக்டோபர் 6, புதன்கிழமை, மகாளய அமாவாசையன்று நடந்தது. இரண்டாம் கட்டம் அக்டோபர் 9; அது புரட்டாசிச் சனிக்கிழமை, வீடுகளில் கொலு வைத்து மூன்றாம் நாள். 12ஆம் தேதி எண்ணிக்கை, 14ஆம் தேதி சரசுவதி பூசை. திட்டமிட்டே இப்படிக் கோத்திருப்பார்களோ என்று தோன்றும் அளவுக்கு இரண்டும் பின்னிக் கிடந்தன.

ஆனால் தேர்தல் நம்மிடம் புரட்டாசிக்கு வந்ததற்கு வேறு கதை உண்டு. மாநிலத்தின் 27 மாவட்டங்களில் இந்தத் தேர்தல் 2019 டிசம்பர் 27, 30 ஆகிய நாள்களில், அதாவது மார்கழிக் குளிரில் நடந்து முடிந்துவிட்டது. அதற்குச் சற்று முன்புதான் பழைய வேலூர் மாவட்டம் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிக்கப்பட்டிருந்தது. பிரித்த மாவட்டங்களில் வார்டு எல்லைகளை மறுபடியும் வரைய வேண்டியிருந்ததால் நம் மூன்று மாவட்டங்களும், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, விழுப்புரம், கள்ளக்குறிச்சி, தென்காசி, திருநெல்வேலி ஆகியவையும் பின்னுக்குத் தள்ளப்பட்டன. ஊராட்சிகளின் ஆயுள் ஐந்து ஆண்டு என்று அரசியலமைப்பே வரையறுத்திருப்பதால், 2021 அக்டோபரில் பொறுப்பேற்றவர்களின் காலமும் அக்டோபரிலேயே முடிகிறது. மாவட்டத்தைப் பிரித்ததற்கு நாம் கொடுத்த விலைகளில் இதுவும் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாள்காட்டியைக் கையில் எடுத்துப் பாருங்கள். விநாயகர் சதுர்த்தியில் தொடங்கினால் பொங்கல் வரை எவருக்கும் விசேஷம் இல்லாத வாரம் ஒன்றைக் கண்டுபிடிப்பதே கடினம். பள்ளிக்கூடம்தான் வாக்குச்சாவடி, ஆசிரியர்கள்தான் பெரும்பாலும் வாக்குச்சாவடி அலுவலர்கள் என்பதால், காலாண்டுத் தேர்வையும் ஒதுக்கிப் பார்த்தாக வேண்டும். எனவே தர்ப்பணத்தை முடித்துவிட்டு வரிசையில் நின்ற உங்கள் முறையே நடைமுறைக்கு ஒத்தது. புரட்டாசித் தேர்தலில் ஓர் உபகாரமும் உண்டு: ஊரில் பாதிப்பேர் அசைவத்தை விட்டிருப்பதால், வேட்பாளர்களின் பிரியாணி அண்டாக்களுக்குக் கொஞ்சமாவது ஓய்வு கிடைக்கும்.

கே.வி. குப்பத்திலிருந்து ஒரு மாணவி: ‘தேர்தல்’ என்ற கருத்தில் கொலு வைக்கப்போகிறேன். என்ன வைக்கலாம்? கட்சிச் சின்னம் வைக்கலாமா?

சின்னம் வேண்டாம், சுண்டல் வாங்க வரும் மாமிகள் அந்தப் படிக்கு முன்னாலேயே அணி பிரிந்து நிற்பார்கள். அதற்குப் பதிலாகச் சிறிய வாக்குப் பெட்டி ஒன்றைச் செய்து, நான்கு நிறங்களில் சீட்டுகளை வெட்டி வையுங்கள். ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் குழு உறுப்பினருக்குப் பச்சை, மாவட்ட ஊராட்சி உறுப்பினருக்கு மஞ்சள். முதல் இரண்டு பதவிகளுக்கும் கட்சிச் சின்னமே கிடையாது என்பதையும், மற்ற இரண்டுக்கு மட்டுமே கட்சிகள் போட்டியிடுகின்றன என்பதையும் ஓர் அட்டையில் எழுதிவிடுங்கள். வருகிற பெரியவர்களில் பலருக்கும் அது புதிய செய்தியாக இருக்கும்.

குடியாத்தத்திலிருந்து ஒரு விசைத்தறி உரிமையாளர்: தீபாவளிக்கு முன் தறித் தொழிலாளர்களுக்கு போனஸ் கொடுக்க வங்கியில் பணம் எடுத்து வருவேன். ஆரணிக்குப் பட்டுப் புடவை வாங்கப் போகும்போது பக்கத்து வீட்டு அண்ணியும் நம்பிக்கையோடு தன் பணத்தைக் கொடுத்தனுப்புவார். பறக்கும் படை மறித்தால் என்ன செய்வது?

தேர்தல் நன்னடத்தை விதிகள் நடப்பில் இருக்கும் காலத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொண்டுசெல்பவர் அதற்கான ஆவணத்தைக் காட்ட வேண்டும். போனஸ் பணத்துக்கு அன்றைய தேதியிட்ட வங்கிச் சீட்டும், தொழிலாளர்களின் பெயரும் தொகையும் எழுதிய சம்பளப் பதிவேட்டின் நகலும் இருந்தால் போதும். அப்படியும் பணத்தை எடுத்துக்கொண்டால் ரசீது இல்லாமல் இடத்தை விட்டு நகராதீர்கள். பறிமுதலை மறுஆய்வு செய்ய மாவட்ட அளவில் அலுவலர் குழு ஒன்று இருக்கும். ரசீதும் ஆவணமும் கொண்டு அதனிடம் முறையிடலாம்.

சிக்கல் உங்கள் பணத்தில் இல்லை, அண்ணியின் பணத்தில்தான் இருக்கிறது. உங்களிடம் முப்பதாயிரம், அவர் கொடுத்தது முப்பதாயிரம் என்றால், சோதனைச் சாவடியில் அது ஒரே பையில் உள்ள அறுபதாயிரம். அதில் பாதி மகளின் தலைதீபாவளிப் புடவைக்கு என்று நீங்கள் சொன்னால் அந்த அலுவலர் நம்ப வேண்டிய கட்டாயம் இல்லை. அண்ணியையே உடன் அழைத்துச் செல்லுங்கள். புடவையைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பிலிருந்தும் தப்பித்துக்கொள்வீர்கள். அல்லது கைப்பேசி வழியாகக் கடைக்கே பணம் அனுப்பச் சொல்லுங்கள்.

இந்தக் கெடுபிடியைக் குறை சொல்வோருக்கு ஒன்றை நினைவூட்ட வேண்டும். 2019 ஏப்ரல் 18 அன்று நடக்கவிருந்த வேலூர் மக்களவைத் தேர்தல், பெருந்தொகை கைப்பற்றப்பட்டதைத் தொடர்ந்து, இரண்டு நாள் முன்னதாக ரத்து செய்யப்பட்டது. ஆகஸ்ட் 5ஆம் தேதி நடந்த மறுதேர்தலில் வெற்றி வித்தியாசம் 8,141 வாக்குகள்தான். உங்கள் குடியாத்தத்திலும் ஆம்பூரிலும் சட்டமன்ற இடைத்தேர்தல் மட்டும் ஏப்ரலிலேயே நடந்ததால், அவ்வூர்க்காரர்கள் ஓராண்டுக்குள் இரண்டு முறை விரலில் மை வைத்துக்கொண்டார்கள். பணம் பிடிபட்ட ஊர் என்ற பெயர் நாடு முழுவதும் பரவிய பிறகு, அதிகாரிகள் நம் பையைக் கொஞ்சம் கூடுதலாகத் துழாவுவதில் வியப்பில்லை.

பெங்களூருவில் பணிபுரியும் திருப்பத்தூர் வாசகர்: தீபாவளிக்கு எப்படியும் ஊருக்கு வருவேன். வாக்கு இங்கேயும் இருக்கிறது, அங்கேயும் இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெரியப்பா ஊர்ப் பெயரை விடாதே என்கிறார்.

ஒருவருக்கு ஓர் இடத்தில் மட்டுமே பெயர் இருக்கலாம். வசிப்பிடம் பெங்களூரு என்றால் ஊர்ப் பெயரை நீக்கிக்கொள்ளுங்கள். பெயரை நீக்கக் கோருவதற்கு உரியது படிவம் 7. ஊராட்சித் தேர்தலுக்குத் தனியாக யாரும் வீடு வீடாக வந்து பட்டியல் எழுதுவதில்லை. சட்டமன்ற வாக்காளர் பட்டியலைத்தான் வார்டு வாரியாகப் பிரிக்கிறார்கள். விவரத்துக்கு 1950 என்ற எண்ணை அழையுங்கள். பெரியப்பாவுக்குத் தேவை உங்கள் வாக்கா, நீங்களா என்பதை அவரிடமே கேட்டுவிடுங்கள்.

ஆம்பூர் அருகே ஓர் ஊராட்சியிலிருந்து ஒரு வாசகி: சுவரை ஒட்டிய வீட்டில் ஒரு பாய் குடும்பம். பதினெட்டு ஆண்டுகளாக ரம்ஜானுக்கு அவர்கள் வீட்டுப் பிரியாணியும் தீபாவளிக்கு எங்கள் வீட்டு அதிரசமும் சுவரைத் தாண்டிப் போய்வந்தன. கடந்த ஊராட்சித் தேர்தலில் என் கொழுந்தனார் வார்டு உறுப்பினர் பதவிக்கு நின்று சில வாக்குகளில் தோற்றார். அவர்கள் எதிர்த்தரப்புக்குப் போட்டதாக எங்கள் வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். அதன்பின் பேச்சில்லை. அடுத்த தேர்தல் வரப்போகிறது. இந்தத் தீபாவளிக்கு அதிரசம் அனுப்பலாமா?

சட்டமன்றத் தேர்தலில் தோற்றவர் ஆயிரக்கணக்கானோர் மீது கோபப்பட வேண்டும். அது யாராலும் முடியாத காரியம். வார்டில் தோற்றவருக்கோ ஒவ்வொரு வாக்குக்கும் ஒரு முகம் தெரியும், ஒரு வாசற்படி தெரியும். கட்சி, கொள்கை என்று பழி போடவும் அங்கே இடமில்லை. ஆகவே உங்கள் கொழுந்தனாரின் வருத்தம் எனக்குப் புரிகிறது. எனினும், அந்த வெள்ளைச் சீட்டில் பெயரில்லை. வாய்விட்டுச் சொல்லாத வரை யார் யாருக்குப் போட்டார் என்று உங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது; முடிவு கட்டியது உங்கள் கூடம்தான், வாக்குப் பெட்டி இல்லை. அவர்கள் உண்மையிலேயே எதிர்த்தரப்புக்குப் போட்டிருந்தாலும், பதினெட்டு ஆண்டு அதிரசத்துக்கு ஈடாக ஒரு வாக்கு என்று நீங்களும் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லையே.

எங்கள் வீட்டிலும் இப்படி ஒரு காலம் இருந்தது. ஆற்காட்டில் நாங்கள் குடியிருந்தபோது, தெருக்குழாய்த் தண்ணீருக்காக என் அம்மாவும் அடுத்த வீட்டு அம்மாளும் பெரிய சண்டை போட்டு முகம் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். அந்த ஐப்பசியில் அம்மா ஒரு தட்டில் முறுக்கும் அதிரசமும் வைத்து, வாழையிலையால் மூடி, “கொடுத்துவிட்டு வா, நின்று பேசாதே” என்று என்னை அனுப்பினார். தட்டு உடனே திரும்பவில்லை. மாதங்கள் ஓடின, அம்மா தட்டை மறந்தேவிட்டார், அல்லது மறந்ததுபோல் இருந்தார். ரம்ஜானன்று அவர்கள் வீட்டுச் சிறுவன் அதே தட்டில் சேமியாப் பாயசக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு வந்தான். அவனும் நின்று பேசவில்லை.

அனுப்புங்கள். தேர்தல் தேதி அறிவிக்கப்பட்ட பிறகு அனுப்பினால், கொழுந்தனாருக்காக ஆதரவு கேட்பதாக அவர்கள் நினைத்துக்கொள்ளக்கூடும். எனவே இம்முறை நல்ல நாளுக்குக் காத்திராமல், முதல் ஈடு வெந்ததும் ஆறுவதற்குள் ஒரு பிள்ளையின் கையில் கொடுத்தனுப்புங்கள். கொழுந்தனாரிடம் முன்கூட்டிக் கேட்க வேண்டியதில்லை.