பூமியைப் படிக்க ஆசைப்படும் மகள்: மூன்று வருடத்துக்கு அல்ல, ஆறு வருடத்துக்குக் கணக்குப் போடுங்கள்

கேள்வி: நாமக்கல் பக்கம் லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். மாதம் 45,000 ரூபாய் வரும். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த என் மகள் பிளஸ் டூ முடித்துவிட்டு, பூமி, சுற்றுச்சூழல் சம்பந்தமான படிப்புதான் வேண்டும் என்று உறுதியாக நிற்கிறாள். சென்னையில் ஒரு தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியலில் இடம் கிடைக்கிறது. ஹாஸ்டல் உட்பட வருடம் 3 லட்சம். 2015-ல் தொடங்கிய செல்வமகள் கணக்கில் ஏழரை லட்சம் சேர்ந்திருக்கிறது. வீட்டுச் செலவும் செல்வமகள் தவணையும் போக மாதம் 12,000 மிஞ்சும். காலி மனையை அடமானம் வைத்துக் கல்விக் கடன் வாங்கலாமா? இந்தப் படிப்புக்கு இவ்வளவு செலவு தகுமா?

பதில்: படிப்பு தகும், தாராளமாகச் சேருங்கள். ஆனால் அந்த இடத்துக்கு, அந்தக் கடனை வாங்கிக்கொண்டு வேண்டாம்.

இந்தத் துறையில் பி.எஸ்சி. என்பது பாதி தூரம்தான். நல்ல வேலைகளின் கதவு பெரும்பாலும் எம்.எஸ்சி.க்கு அப்புறம்தான் திறக்கிறது. 1851-லிருந்து இயங்கும் இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்துக்கும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கும் ஆள் எடுக்க யுபிஎஸ்சி நடத்துகிற புவி விஞ்ஞானிகள் தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முதுகலைப் பட்டம் கட்டாயம். தேர்ச்சி பெற்றால் அடிப்படைச் சம்பளமே 56,100 ரூபாய், அகவிலைப்படி தனி. ஆனால் முதல்நிலை, முதன்மை, நேர்காணல் என்று அது ஓடி முடியவே பல மாதம் ஆகும். ஆக மூன்று வருடம் பி.எஸ்சி., இரண்டு வருடம் எம்.எஸ்சி., தேர்வுக்கோ வேலை தேடவோ ஒரு வருடம். நீங்கள் கையில் வைத்திருக்கிற பணம் இந்த ஆறு வருடத்துக்கும் வர வேண்டும்.

இப்போது அந்தக் கடனைப் பார்ப்போம். மூன்று வருடத்துக்கு 9 லட்சம். ஏழரை லட்சத்தைத் தாண்டினாலே வங்கிகள் பொதுவாகச் சொத்து ஜாமீன் கேட்கும், உங்கள் மனை அங்கேதான் மாட்டுகிறது. வட்டி 10.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், படிக்கிற மூன்று வருடமும் அதற்கடுத்து தவணை கட்டத் தேவையில்லாத ஒரு வருடச் சலுகைக் காலமும் சேர்ந்து வட்டி மட்டும் ஏறத்தாழ 2.8 லட்சம் ஏறிவிடும். பாக்கி கிட்டத்தட்ட 11.8 லட்சம், பத்து வருடத் தவணை என்றால் மாதம் 16,000 ரூபாய். அந்தத் தவணை தொடங்கும்போது உங்கள் மகள் எம்.எஸ்சி. இரண்டாம் வருடத்தில் கால் வைத்திருப்பாள், ஒரு ரூபாய் சம்பளம் இருக்காது, உங்களுக்கு மாதம் மிஞ்சுவதோ 12,000. மேற்படிப்பு என்று சொல்லி அவகாசம் கேட்கலாம், சில வங்கிகள் கொடுக்கவும் செய்யும், ஆனால் வட்டி நிற்காமல் ஏறிக்கொண்டே போகும். நல்லா படிக்கிற பிள்ளைகள் பி.எஸ்சி.யோடு நிறுத்திவிட்டுக் கிடைத்த வேலைக்குப் போவது இந்த இடத்தில்தான், எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கஷ்டமாக இருக்கும்.

கல்விக் கடன் வட்டிக்கு வரிச்சலுகை உண்டே என்று யாராவது சொல்வார்கள். உங்கள் வருமானத்துக்கு வரியே வராது, அதை மறந்துவிடுங்கள்.

இன்னொரு விஷயம், பட்டத்தின் பெயர். யுபிஎஸ்சியின் அந்தத் தேர்வில் புவியியலாளர் பதவிக்கு ஜியாலஜி (பாறை, கனிமம், பூமியின் அமைப்பு பற்றிய படிப்பு), பயன்பாட்டு ஜியாலஜி, புவி வேதியியல் மாதிரியான முதுகலைப் பட்டங்களைத்தான் கேட்கிறார்கள். வெறும் சுற்றுச்சூழல் அறிவியல் எம்.எஸ்சி. அதில் வராது. ஐஐடிகளில் ஜியாலஜி எம்.எஸ்சி.க்குப் போகவும் பொதுவாக இளங்கலையில் ஜியாலஜி படித்திருக்க வேண்டும். ஆனால் ஜியாலஜி படித்தவர் பிறகு சுற்றுச்சூழல் பக்கம் போவதற்குத் தடையில்லை. குவாரிக்கும் சுரங்கத்துக்கும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு எழுதும் நிறுவனங்களுக்கு நிலத்தடி நீரும் பாறையும் தெரிந்த ஆள் கட்டாயம் தேவை. மகளிடம் இதைச் சொல்லிப் பேசுங்கள், ஆசை அவளுடையது, முடிவும் அவளுடையதாகவே இருக்கட்டும்.

ஜியாலஜிக்குச் சென்னை வரை போக வேண்டியதில்லை. சேலம் அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. ஜியாலஜி இருக்கிறது, வருடக் கட்டணம் சில ஆயிரங்களில் முடிந்துவிடும். பெரியார் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி.யும் உண்டு. அரசுப் பள்ளியில் படித்ததால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். அதோடு இந்தப் படிப்புக்கு உங்கள் பகுதியை விட நல்ல ஊர் கிடைப்பது கஷ்டம். சந்திரயான்-2 தரையிறங்கு கலத்தைச் சோதிக்க இஸ்ரோ செயற்கை நிலவு மண் தயாரித்தது உங்கள் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பாறையிலிருந்துதான். சேலத்துச் சுண்ணாம்புக் கரட்டில் வெள்ளை வெள்ளையாக மேக்னசைட் கனிமம் ஓடுவதை பஸ்ஸிலிருந்தே பார்க்கலாம்.

பணத்தை எப்படிப் பிரிப்பது? மிஞ்சும் 12,000-த்தில் 4,000 பஸ், சாப்பாடு, புத்தகத்துக்கு. மீதி 8,000-ஐ மாதாமாதம் கட்டும் மூன்று வருடத் தொடர் வைப்பில், அதாவது ஆர்.டி.யில் போடுங்கள், 6.5 சதவீத வட்டி கிடைத்தால் முடிவில் சுமார் 3.18 லட்சம் வரும். செல்வமகளை இப்போது தொடவே வேண்டாம். பத்தாம் வகுப்பு முடித்த பெண்ணின் மேற்படிப்புக்கு, முந்தைய நிதியாண்டு முடிவில் இருந்த இருப்பில் பாதி வரை எடுக்கலாம் என்பது விதி. மொத்தமாகவும் எடுக்கலாம், வருடத்துக்கு ஒரு முறை என்று தவணையாகவும் எடுக்கலாம், ஆனால் கட்டண ரசீதில் உள்ள தொகைக்கு மேல் தரமாட்டார்கள். இன்று எடுத்தால் 3.75 லட்சம். வருடம் 50,000 கட்டிக்கொண்டே போனால், இப்போதைய 8.2 சதவீத வட்டியில் மூன்று வருடத்தில் இருப்பு 11 லட்சத்தைத் தாண்டும், பாதி ஐந்தரை லட்சம். ஆர்.டி.யும் சேர்ந்தால் எம்.எஸ்சி.க்குக் கடனே இல்லாமல், கட்டண ரசீது இடம் கொடுக்கிற அளவுக்கு, எட்டரை லட்சம் வரை எடுக்கலாம்.

ஐஐடிகளில் எம்.எஸ்சி. சேர்வதற்கான ஜாம் நுழைவுத் தேர்வு எழுதி மும்பை, ரூர்க்கி ஐஐடியில் இடம் பிடித்தாள் என்றால், அப்போது தேவைப்பட்டால் கடன் வாங்கலாம். 2024-ல் வந்த பிஎம் வித்யாலட்சுமி திட்டத்தில் பட்டியலில் உள்ள நிறுவனங்களுக்கு ஜாமீன் இல்லாமல் கடன், குடும்ப வருமானம் 8 லட்சம் வரை இருந்தால் சலுகைக் காலத்தில் 3 சதவீத வட்டி மானியமும் உண்டு.

களப்பயணத்துக்கு என்று வருடம் பத்தாயிரம் தனியாக எடுத்து வையுங்கள். சுத்தியல், பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைலென்ஸ், நல்ல ஷூ, பயணச் செலவு. வீட்டில் கஷ்டம் வந்தால் முதலில் வெட்டப்படுவது இதுதான், தயவுசெய்து வெட்டாதீர்கள். வகுப்பறையில் மட்டும் பாறை பார்த்த மாணவிக்கு நேர்காணலில் சொல்ல எதுவும் இருக்காது. பெண் பிள்ளை மலையேறுவதா என்று சொந்தக்காரர்கள் கேட்டால், நிலத்தடிச் சுரங்கத்தில் பெண்கள் வேலை செய்யவே 2019-ல் மத்திய அரசு வழிவிட்டுவிட்டது என்று சொல்லுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. இந்தத் திட்டம் முழுக்க உங்கள் ஒருவர் சம்பாத்தியத்தில் நிற்கிறது, வெல்டிங்கும் கிரேனும் உள்ள பட்டறையில் தினமும் நிற்கிறீர்கள், உங்களுக்கு ஏதாவது ஆனால் குடும்பத்துக்குப் பணம் கொடுக்கும் டெர்ம் இன்ஷூரன்ஸ் பற்றிக் கடிதத்தில் ஒரு வரி இல்லை. ஆர்.டி. தொடங்குவதற்கு முன்னால் குறைந்தது 50 லட்சத்துக்கு ஒரு பாலிசி எடுங்கள், தொழிலை மறைக்காமல் விண்ணப்பத்தில் எழுதுங்கள். பிரீமியத்துக்காக ஆர்.டி.யை ஏழாயிரமாகக் குறைத்தாலும் பரவாயில்லை.