நின்றுபோன கடிகாரத்தில் தொடங்குங்கள்: ‘கேட்ஸ்பி’ கட்டுரைக்கு ஒரு வழி

கேள்வி: பி.ஏ. ஆங்கில இலக்கியம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஃபிட்ஸ்ஜெரால்டின் ‘தி கிரேட் கேட்ஸ்பி’ நாவலில் ‘காலமும் எட்டாத கனவும்’ என்ற தலைப்பில் 1,500 வார்த்தைக்குக் கட்டுரை எழுதித் தர வேண்டும். பச்சை விளக்கு அமெரிக்கக் கனவின் குறியீடு என்று ஒரு பக்கம் எழுதிவிட்டேன். அதற்கு மேல் நகர மறுக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: பச்சை விளக்கை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். ‘விளக்கு என்றால் கனவு’ என்று முதல் பக்கத்திலேயே முடித்துவிட்டால் பிறகு சொல்ல ஒன்றும் மிஞ்சாது. உங்களுக்குத் தலைப்பு கொடுத்தவர் கேட்பது, அந்தக் கனவு ஏன் எட்டவில்லை என்று. கேட்ஸ்பியிடம் பணம் இருக்கிறது, மாளிகை இருக்கிறது. விரிகுடாவுக்கு அக்கரையில் இருந்த பழைய காதலி டெய்சியும் ஐந்தாம் அத்தியாயத்தில் அவன் வீட்டுக்கே வந்துவிடுகிறாள். அப்படியும் கைநழுவிப் போகிறது. ஏனென்றால் டெய்சி கிடைத்தால் மட்டும் அவனுக்குப் போதாது, நடுவில் போன ஐந்து வருடமும் நடக்காததாக ஆக வேண்டும். இதையே உங்கள் வாதமாக வைத்துக்கொண்டால் 1,500 வார்த்தை போதாமல் போகும்.

முதல் வேலை, ஒரு தாளில் தேதிகளை எழுதுவது. 1906 செப்டம்பர் 12: சிறுவன் ஜேம்ஸ் கேட்ஸ் (பின்னாளில் கேட்ஸ்பி) ஒரு புத்தகத்தின் கடைசித் தாளில் தனக்கென்று எழுதிய தினசரி அட்டவணை. 1917 அக்டோபர்: லூயிவில் நகரில் டெய்சியும் ராணுவ அதிகாரி கேட்ஸ்பியும். 1919 ஜூன்: டெய்சிக்கும் டாம் புக்கனனுக்கும் திருமணம். அடுத்த ஏப்ரலில் மகள் பிறக்கிறாள். 1922 கோடை: கதை நடக்கும் மாதங்கள். அதன்பின் இரண்டு வருடம் கழித்து கதைசொல்லி நிக் கேரவே இதையெல்லாம் நினைவுகூர்ந்து எழுதுகிறான்.

இப்போது ஒவ்வொரு தேதிக்கும் எதிரே, அது எந்த அத்தியாயத்தில் சொல்லப்படுகிறது என்று குறியுங்கள். 1917 முதலில் நான்காம் அத்தியாயத்தில் டெய்சியின் தோழி ஜோர்டன் பேக்கரின் வாயால் வருகிறது. பதினேழு வயதில் பெயரை மாற்றிக்கொண்ட கதை ஆறாம் அத்தியாயத்தில். லூயிவில் நாட்கள் எட்டில் மறுபடி. 1906 ஒன்பதாவதில்தான், கேட்ஸ்பி செத்த பிறகு, அவன் அப்பா அந்தப் புத்தகத்தை எடுத்துக் காட்டும்போது. அதற்கும் பிறகு, கடைசிப் பக்கத்தில், கதை நடக்கும் தீவை முதன்முதலாகப் பார்த்த டச்சு மாலுமிகள். கோடை ஜூனிலிருந்து செப்டம்பரை நோக்கி நகர நகர, கதை இன்னும் இன்னும் பின்னால் தோண்டிக்கொண்டே போகிறது. முன்னால் துடுப்புப் போட்டும் பின்னால் இழுக்கப்படும் படகு என்று நாவலின் இறுதி வரி சொல்வதை, அத்தியாயங்களை அடுக்கிய விதத்திலேயே ஃபிட்ஸ்ஜெரால்ட் செய்துவிட்டார். பெரும்பாலான மாணவர் கட்டுரைகள் தொடாத இடம் இது. உங்கள் தாளில் இதற்கு 250 வார்த்தை கொடுங்கள்.

அடுத்தது ஐந்தாம் அத்தியாயம். கட்டுரையின் இதயம் இங்கேதான் இருக்க வேண்டும், 500 வார்த்தை வரை போகலாம். நிக் வீட்டில் மாலை நான்கு மணிக்குத் தேநீர். வெளியே மழை. நான்கு ஆக இரண்டு நிமிடம் இருக்கும்போதே, ‘யாரும் வரப் போவதில்லை, நேரமாகிவிட்டது’ என்று கேட்ஸ்பி எழுந்துவிடுகிறான். ஐந்து வருடம் பொறுத்தவனால் இரண்டு நிமிடம் பொறுக்க முடியவில்லை. பிறகு டெய்சி வந்ததும், கணப்புக்கு மேலே உள்ள மாடத்தில் சாய்ந்து நிற்கிறான். அவன் தலை பட்டு அங்கிருந்த கடிகாரம் சரிகிறது. நடுங்கும் விரல்களால் அதைப் பிடித்து மறுபடி இருந்த இடத்திலேயே வைக்கிறான். அது ஏற்கெனவே ஓடாமல் நின்றுபோன கடிகாரம் என்பதைக் கவனியுங்கள். கடிகாரம் உடையவே இல்லை. ஆனாலும் தரையில் விழுந்து நொறுங்கிவிட்டதாகவே ஒரு கணம் அங்கிருந்த எல்லோரும் நம்பினோம் என்கிறான் நிக். இதை ‘கேட்ஸ்பி கடிகாரத்தை உடைத்தான்’ என்று எழுதிவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. உடைத்தான் என்றால் அவன் காலத்தை வென்றான் என்ற பொருள் வந்துவிடும். நின்றுபோன ஒன்றை விழாமல் தாங்கிப் பிடிக்கிறான் என்பதுதான் அவன் நிலைமை.

அதே காட்சியில் ஒரு உரையாடல். நாம் பார்த்துப் பல வருடம் ஆயிற்று என்கிறாள் டெய்சி. வரும் நவம்பரோடு ஐந்து வருடம் என்று கேட்ஸ்பி யோசிக்காமல் சொல்கிறான். அவளுக்குப் ‘பல வருடம்’, அவனுக்கு மாதக் கணக்கு. இந்த இரண்டு பதில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு பத்தி எழுதினாலே, இருவரும் ஒரே காலத்தில் வாழவில்லை என்பது வாசகருக்குப் புரிந்துவிடும். சற்று நேரத்தில் அவனையே அளவுக்கு மீறிச் சாவி கொடுத்த கடிகாரத்தோடு நிக் ஒப்பிடுகிறான்.

பச்சை விளக்கு திரும்ப வர வேண்டிய இடமும் இதே அத்தியாயம்தான். உன் படகுத்துறை முனையில் இரவெல்லாம் ஒரு பச்சை விளக்கு எரிகிறதே என்று டெய்சியிடமே அவன் சொல்கிறான். சொன்ன மாத்திரத்தில் அது வெறும் விளக்காகிவிடுகிறது, அவனுடைய மாயப் பொருள்களின் கணக்கில் ஒன்று குறைகிறது. ஒன்று, ஐந்து, ஒன்பது ஆகிய மூன்று அத்தியாயங்களிலும் விளக்கு எப்படி மாறுகிறது என்று காட்டுங்கள். கனவு எட்டும் தூரத்தில் வந்தாலே தேய்ந்துவிடும் என்பதற்கு நாவலிலேயே இதைவிட நல்ல சான்று இல்லை.

ஏழாம் அத்தியாயத்திலிருந்து இரண்டு சான்றுகள் போதும். ஒன்று, டெய்சியின் சின்ன மகள். அவளை நேரில் பார்த்த கேட்ஸ்பி வியந்துபோய்த் திரும்பத் திரும்பப் பார்க்கிறான். அப்படி ஒரு குழந்தை இருப்பதையே அதுவரை அவன் நம்பியதில்லை போலும் என்று நிக்குக்குத் தோன்றுகிறது. அழிக்க வேண்டிய வருடங்கள் கையும் காலுமாக எதிரே நிற்கின்றன. இரண்டு, பிளாசா ஹோட்டல் அறை. டாமை ஒருபோதும் காதலித்ததில்லை என்று சொல்லச் சொல்கிறான் கேட்ஸ்பி. இப்போது உன்னைக் காதலிக்கிறேன், அது போதாதா, நடந்ததை நான் என்ன செய்ய முடியும் என்று டெய்சி அழுகிறாள். டெய்சி ஏமாற்றிவிட்டாள் என்று மட்டும் எழுதுபவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அவள் மேல் எவ்வளவு குறை இருந்தாலும் இந்த இடத்தில் அவள் சொல்வது உண்மை. அதே மாலை தனக்கு முப்பது வயது நிறைந்தது நிக்குக்கு நினைவு வருகிறது. காலத்தை ஒத்துக்கொள்ளும் ஆள் ஒருவன் அந்த அறையிலேயே இருக்கிறான்.

எட்டாம் அத்தியாயத்தின் நீச்சல்குளத்தையும் விடாதீர்கள். இலை உதிர ஆரம்பித்துவிடும், குளத்து நீரை இன்று வடித்துவிடுகிறேன் என்கிறான் தோட்டக்காரன். இன்று வேண்டாம் என்கிறான் கேட்ஸ்பி. கோடை முழுக்க இறங்காத குளத்தில் அன்றைக்குத்தான் இறங்குகிறான். சுடப்படுவதும் அங்கேயே.

தவிர்க்க வேண்டியவை சில. ‘அமெரிக்கக் கனவு’ என்ற சொல்தொடர் நாவலில் ஓரிடத்திலும் இல்லை. நாவல் 1925-ல் வந்தது, அந்தத் தொடர் 1931-ல் ஜேம்ஸ் டிரஸ்லோ ஆடம்ஸ் எழுதிய நூலால்தான் பரவலானது. அதை விமரிசகர்களின் சொல்லாகக் கையாளுங்கள், ஃபிட்ஸ்ஜெரால்டின் சொல்லாக அல்ல. 2013 திரைப்படத்தில் நிக் ஒரு மனநலக் காப்பகத்தில் இருந்து எழுதுவான், நாவலில் அப்படி இல்லை. பழசைத் திரும்பக் கொண்டுவர முடியாது என்று ஆறாம் அத்தியாயத்தில் சொல்வது நிக், ஆசிரியர் இல்லை. பதிப்புக்குப் பதிப்பு பக்க எண் மாறுவதால் மேற்கோளோடு அத்தியாய எண்ணையும் சேர்த்துக் கொடுங்கள்.

முன்னுரைக்கு 150, ஏழுக்கும் எட்டுக்கும் சேர்த்து 350 என்று வைத்தால் முடிவுக்கு 250 வார்த்தை மிஞ்சும். அதைக் கடைசிப் பக்கத்துக்கே கொடுங்கள். அந்தப் பக்கத்தைப் பென்சிலோடு மெதுவாகப் படியுங்கள். கனவு தனக்குப் பின்னாலேயே போய்விட்டது ‘அவனுக்கு’த் தெரியாது என்று ஆரம்பிக்கும் நிக், சில வரிகளுக்குள் ‘நாம்’ என்று மாறிவிடுகிறான். வினைச்சொற்களும் அங்கேதான் இறந்தகாலத்திலிருந்து நிகழ்காலத்துக்குத் தாவுகின்றன. எந்த வாக்கியத்தில் அந்த மாற்றம் நடக்கிறது என்று வட்டமிட்டுவிட்டு, முடிவுரையை அந்த வாக்கியத்திலிருந்து எழுதத் தொடங்குங்கள்.