கல்வட்டங்களுக்கு 75,000 வயதா?

கேள்வி: விடுமுறைக்குத் தென்னாப்பிரிக்காவின் ம்புமலாங்கா மாகாணத்துக்குப் போகிறோம். அங்கே 'ஆதாமின் நாட்காட்டி' என்ற கல்வட்டம் 75,000 ஆண்டுப் பழமை என்கிறார்களே, உண்மையா ஐயா? மற்ற கல்வட்டங்களும் அப்படித்தானா?
— வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: ஆதாரமில்லை அம்மா. நட்சத்திர நிலையையும் கல்லின் தேய்மானத்தையும் வைத்துப் போட்ட கணக்கு அது. கல் நடுவதற்கு முன்பே தேய்ந்திருக்கலாமே! சுவரின் வயதை அதனடியில் கிடக்கும் கரி, சாணம், பானை ஓடுதான் சொல்லும்.

அதே மாகாணத்தில் ஓரிக்ஸ்டாட் ஊர் முதல் கரோலைனா ஊர் வரை சுமார் 150 கி.மீ. தூரம் பரவிக் கிடக்கும் மற்ற கல்வட்டங்கள், பொகோனி மக்கள் ஏறக்குறைய 1500 முதல் 1820 வரை வாழ்ந்த வீடுகள். சாந்தே இல்லாமல் கல்மேல் கல் அடுக்கியவை. போனால் உள்வட்டத்தைப் பாருங்கள், அது மாட்டுத் தொழுவம். அதன் வாயிலிலிருந்து இரண்டு சுவர்கள் இணையாக ஓடும். நடுவே மாட்டுப் பாதை. படிவயல் சோளத்தில் மாடு வாய் வைக்காதிருக்கத்தான் இந்த ஏற்பாடு. என்ன நேர்த்தி!

19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துப் போர்களில் அவர்கள் சிதறினார்கள். இத்தனை வயல்களின் விளைச்சல் எங்கே போனது என்பதுதான் உண்மையான புதிர்.

படம் எடுக்கக்கூடக் கல்லை நகர்த்தாதீர்கள். இடம் மாறினால் தடயம் போச்சு. 1999ஆம் ஆண்டின் மரபுச் சின்னச் சட்டப்படி குற்றமும்கூட.